கல்யாண வீட்டுப் பந்தியை இளைஞர் இயக்கம் இனியும் விளம்ப வேண்டுமா?

அலைவாய்:
போன ஞாயிறு எங்கள் பங்கு இளைஞர் இயக்கக் கூட்டத்தில் ஒரு முடிவெடுத்தோம். ஈஸ்டருக்குப் பிறகு கல்யாண வீடுகளில் பந்தி விளம்பப் போவதில்லை. பங்குப் பேரவைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம். ஊரில் பெரிய பேச்சாகிவிட்டது, அதனால் இங்கே கேட்கிறேன்.

குமரிக் கடலோரம் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். பங்கு என்றால் ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த மக்கள், விளம்புவது என்றால் பரிமாறுவது. எங்கள் பக்கம் கோயிலில் கல்யாண ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்ததுமே வீட்டுக்காரர் இயக்கத் தலைவரைத் தேடி வந்து சொல்லிவிடுவார். முந்தின நாள் இரவு காய் வெட்டுவது, மேசை போடுவது, மறுநாள் நாலைந்து பந்தி விளம்புவது, இலை எடுப்பது, பாத்திரத்தை எண்ணி வாடகைக் கடையில் சேர்ப்பது எல்லாம் எங்கள் வேலை. கூலி கிடையாது.

கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலும் எங்கள் பங்கில் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் எல்லாம் ஜனவரியிலும் ஈஸ்டருக்குப் பிறகும் வந்து குவிகிறது. இந்த ஜனவரியில் 9 கல்யாணம். அதில் 6 வீடு ஆள் வைத்து விளம்பும் வசதி உள்ள வீடு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் மாலை வகுப்பு அந்த மாதம் 4 நாள்தான் நடந்தது. மார்ச்சில் அவர்களுக்குப் பொதுத்தேர்வு. வசதியுள்ளவர் வீட்டில் சாம்பார் வாளி தூக்கியதைச் சேவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம்அன்பியம்:
தம்பி, நீங்கள் படித்த பிள்ளைகள், கணக்குப் போட்டுச் சொல்கிறீர்கள். நான் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மூத்த மகள் கல்யாணத்துக்குக் கேட்டரிங்காரர் இலைக்கு 250 ரூபாய் கேட்டார். 400 பேர் வருவார்கள். வீட்டுக்காரர் கரைவலைக்குப் போகிறவர், எங்கே போவோம்? சமையலுக்கு மட்டும் ஆள் பிடித்தோம், மற்றதெல்லாம் இளைஞர் இயக்கம்தான் பார்த்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு மழை இரவில் அவர் இறந்துபோனார். விடியற்காலை சாவு மணி அடித்து ஓயவில்லை, பையன்கள் வாசலில் நின்றார்கள். எங்கே தார்ப்பாய் கட்ட வேண்டும், எந்தச் சுவரில் ஆணி இருக்கிறது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட அதே பையன்கள். கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் தண்ணீரை இறைத்துக்கொண்டே குழி வெட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூட எனக்குச் சொந்தமில்லை. என் வீட்டில் பந்தி விளம்பிய பழக்கம்தான்.

அலைவாய்:
அக்கா, துஷ்டி வீட்டை நாங்கள் விடவேயில்லை. குழி வெட்டுவது, பந்தல் போடுவது, வருகிறவர்களுக்குக் கட்டங்காப்பி கொடுப்பது எல்லாம் தொடரும் என்று தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறோம். கல்யாணப் பந்தியை மட்டும்தான் நிறுத்துகிறோம்.

மறைக்கல்விசார்:
இளைஞர்கள் செய்தது சரி. விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கடவுளின் வார்த்தையை விட்டுவிட்டுப் பந்தியில் பரிமாறுவது முறையல்ல என்று திருத்தூதர்களே சொல்கிறார்கள். அங்கே பிரச்சினை எதனால் வந்தது? கிரேக்க மொழி பேசிய கைம்பெண்களை அன்றாடப் பங்கீட்டில் கவனிக்காமல் விட்டார்கள். பந்திப் பணிக்கு எழுவரை ஏற்படுத்தியதே அந்தக் கைம்பெண்களுக்காக. உள்ளவர் வீட்டு விருந்துக்கு யாரையும் ஏற்படுத்தவில்லை.

1833இல் பாரிசில் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது பிரெடெரிக் ஓசானாமுக்கு 20 வயது, கல்லூரி மாணவர். ஏழைகளின் வீடு தேடிப் போவதைத்தான் அந்த மாணவர்கள் வேலையாக வைத்துக்கொண்டார்கள். நம் பங்குகளில் அந்தச் சபைக் கூட்டத்துக்கு இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். இளைஞர்கள் எங்கே என்று கேட்டால் கல்யாண மண்டபத்தில் என்கிறார்கள்.

தெற்குக்குருசடி:
சார், அந்த அதிகாரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பந்தி வேலை வேண்டாம் என்று அவர்கள் தள்ளவில்லை. நற்பெயர் உள்ள, தூய ஆவி நிறைந்த எழுவரைத் தேடி, தலையில் கைவைத்து இறைவேண்டல் செய்து அந்த வேலையைக் கொடுத்தார்கள். முதல் மறைச்சாட்சி ஸ்தேவான் அந்த எழுவரில் ஒருவர்.

இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானா ஊர்க் கல்யாணத்தையும் பாருங்கள். ஆறு கற்சாடியிலும் விளிம்புவரை தண்ணீர் நிரப்பியவர்கள் பணியாளர்கள். திராட்சை இரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி மேற்பார்வையாளருக்கே தெரியவில்லை, தண்ணீர் மொண்டு வந்த பணியாளர்களுக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் எழுதுகிறார். ஒரு வீட்டின் உள் விஷயம் அந்த வீட்டில் வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும். யார் வீட்டில் கடன், யாருக்குச் சர்க்கரை, எந்தச் சகோதரர்கள் முகம் பார்ப்பதில்லை என்பதெல்லாம் பந்தி விளம்பப் போகிற பையனுக்குத் தெரிந்துவிடும்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குப் போன படகுகள் பல திரும்பவில்லை. எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்று பங்குகளில் உட்கார்ந்துதான் பட்டியல் எடுத்தார்கள். வீடு வீடாகப் பழக்கம் இருந்ததால் அது முடிந்தது. தெரியாத வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் மகன் எந்தப் படகில் போனான் என்று கேட்டுவிட முடியாது.

புதுமணல்:
நானும் ஒரு கடலோரப் பங்கு இயக்கத்தில் நான்கு வருடமாக இருக்கிறேன். இதுவரை பேசிய எல்லாரும் 'பையன்கள்' என்றே சொல்கிறீர்கள்.

எங்கள் இயக்கத்தில் 23 பேர், அதில் 14 பேர் பெண்கள். பந்தியில் நின்று விளம்ப எங்களை விடமாட்டார்கள். பின்கட்டில் தேங்காய் துருவுவதும் வெங்காயம் உரிப்பதும் எங்களுக்கு. மாலை வகுப்பு எடுப்பதும் முக்கால்வாசி நாங்கள்தான். அலைவாய் அண்ணா, உங்கள் வகுப்பு 4 நாள்தான் நடந்தது என்றீர்களே, டீச்சர்கள் யார்? அவர்கள் எந்த வீட்டு அடுக்களையில் இருந்தார்கள் என்று விசாரித்தீர்களா? எங்கள் பங்கில் வகுப்பு நின்றது பந்தியால் அல்ல, முந்தின நாள் அடுக்களை வேலையால். சமையல்காரர் கூடவே காய் வெட்டவும் இரண்டு பேரைக் கூட்டி வந்தால் அந்தச் சிக்கல் தீரும். பந்தி இரண்டு மணி நேரம், அதற்கு வகுப்பை விட வேண்டியதில்லை.

மஸ்கட்வாசி:
நான் ஓமானில் மீன்பிடி வேலை பார்க்கிறேன். கேட்டரிங்கை ஊருக்குள் கொண்டுவந்ததே என்னைப் போன்றவர்கள் அனுப்பிய பணம்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு இயக்கத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று முழுக் கான்ட்ராக்ட் விட்டேன். சீருடை போட்ட பையன்கள் வந்தார்கள், நன்றாகவே விளம்பினார்கள், மதியம் இரண்டரைக்கு வண்டி ஏற்றிக் கிளம்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் கல்யாணச் சாப்பாடு முதலில் படுக்கையில் கிடக்கிற வயசாளிகளின் வீட்டுக்குப் போகும். எந்தெந்த வீடு, யாருக்குக் குழைந்த சோறு, யாருக்கு எரிப்பு ஆகாது என்று இயக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அன்று 11 வீட்டுக்குச் சோறு போகவில்லை. ஒரு பாட்டி மறுநாள் அம்மாவிடம், 'என்னை மறந்துட்டியளே' என்று கேட்டிருக்கிறார். போனில் அம்மா சொன்னபோது என்னால் பேச முடியவில்லை.

அலைவாய்:
புதுமணல், நான் விசாரிக்கவில்லை. நேற்று விசாரித்தேன். நீங்கள் சொன்னதுதான் எங்கள் பங்கிலும் நடந்திருக்கிறது. ஜனவரியில் வகுப்பெடுக்கும் 5 பேரில் 4 பேர் அடுக்களையில் இருந்திருக்கிறார்கள். கூட்டத்தில் அவர்கள் இதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அது எங்கள் தப்பு.

ஆனாலும் வசதி உள்ள வீடு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. 15 பவுன் போடுகிற வீட்டுக்கு விளம்ப ஆள் கூலி கொடுப்பது ஒரு பாரமா? இப்படி வைத்துக்கொள்ளலாமா: அன்பியம் (பங்கில் அக்கம்பக்க வீடுகள் சேர்ந்த சிறு குழு) மூலம் கேட்கிற, வசதி இல்லாத வீடுகளுக்கு மட்டும் போவோம்.

மூன்றாம்அன்பியம்:
அதை மட்டும் செய்துவிடாதீர்கள் தம்பி. இன்று இயக்கம் எல்லா வீட்டுக்கும் போகிறது, அதனால் என் வீட்டுக்கு வந்தபோது எனக்குக் கூச்சம் இல்லை. இல்லாத வீட்டுக்கு மட்டும் போனால், இளைஞர் வந்து விளம்புகிற வீடு வக்கற்ற வீடு என்று ஊர் சொல்லும். சம்பந்தி வீட்டார் முன்னால் என் மகள் தலை குனிய வேண்டியிருக்கும். பட்டினியாகக் கிடந்தாலும் கடன் வாங்கிக் கேட்டரிங் வைப்பார்கள், உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

மறைக்கல்விசார்:
இந்தக் கோணத்தை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு வையுங்கள். இரண்டு பந்தி இளைஞர்கள், மீதி அந்த வீட்டு உறவினர்கள். முந்தின நாள் வேலை யாருக்கும் கிடையாது. படுக்கை வயசாளிகளுக்கான சோற்றை முதலில் எடுத்து வைக்க வேண்டும், அது கேட்டரிங் வைக்கிற வீட்டுக்கும் சேர்த்து. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் மாலை வகுப்பு நடந்தாக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

தெற்குக்குருசடி:
இரண்டு பந்தி போதாது, மூன்றாவது பந்தியில்தான் ஊர்க்காரர் உட்காருவார்கள். மற்றதெல்லாம் சம்மதம். பெண்பிள்ளைகளும் பந்தியில் விளம்பட்டும்.

அலைவாய்:
வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு கூட்டத்தைத் திரும்பக் கூட்டுகிறோம். வகுப்பெடுப்பவர்களில் அடுக்களையில் இருந்த நான்கு பேரும் முதலில் பேசட்டும், அதற்குப் பிறகு மற்றவர்கள். பந்தி இரண்டா மூன்றா என்பதை அங்கே முடிவு செய்கிறோம்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் வரும் ஒரு கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்துவிட்டார்கள். வழக்கமாக அன்று மாலையே வந்துவிடும் வீட்டுக்காரர் இன்னும் எங்களிடம் வரவில்லை. நாங்கள் மறுத்துவிடுவோம் என்று தயங்குகிறாராம். வலைக்கூடத்தில்தான் இருப்பார், நாளை சாயங்காலம் நானே போய்ப் பார்க்கிறேன்.