பயிற்சியாளர்களின் பின்புலத்தில் எதைப் பார்த்துச் சேர்வது?

கேள்வி:

என் மகளுக்கு 14 வயது. அவளும் நானும் ஒரே தற்காப்புக் கலைப் பயிற்சிக்கூடத்தில் சேரலாம் என்று இருக்கிறோம். இருவருக்குமே முன்அனுபவம் எதுவும் கிடையாது. நாங்கள் பார்த்து வைத்திருக்கும் கூடத்தின் சுவரில் நான்கு பயிற்சியாளர்களின் படங்களும், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு அறிமுகமும் உள்ளன. முதலாமவர் எட்டுத் தொழில்முறைக் குத்துச்சண்டைப் போட்டிகளில் ஆறில் வென்றவர். இரண்டாமவர் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் கருப்புப் பட்டை பெற்றவர். அவருடைய ஆசான், அந்த ஆசானின் ஆசான் என்று ஒரு பரம்பரையே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாமவர் தேசிய அளவில் பதக்கம் வென்ற மல்யுத்த வீரர். நான்காமவர் ஜூடோவில் இரண்டாம் டான் (கருப்புப் பட்டையின் இரண்டாம் படிநிலை), விளையாட்டு அறிவியலில் பட்டதாரி. அவர் போட்டியிட்டதாக ஒரு வரிகூட இல்லை.

படித்துப் பார்த்தால் நால்வருமே பெரிய ஆட்களாகத்தான் தெரிகிறார்கள். எங்களைப் போன்ற புதியவர்களுக்கு இவற்றில் எது உண்மையில் பயன்படும், எது சுவருக்கு அழகு மட்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (குத்துச்சண்டை பயில்பவர்):

எட்டுக்கு ஆறு என்ற கணக்கைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். குறைவாகவும் எடை போட்டுவிட வேண்டாம். தொழில்முறைக் குத்துச்சண்டைப் போட்டிகளின் முடிவுகளைப் பாக்ஸ்ரெக் தளத்திலும், கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளின் முடிவுகளை ஷெர்டாக் தளத்திலும் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அங்கே வெற்றிகளின் எண்ணிக்கையைவிட, தோற்றவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். தோற்ற ஆறு பேரும் அன்றுதான் முதன்முதலாக வளையத்தில் ஏறியவர்கள் என்றால் அந்த ஆறுக்கு ஒரு மதிப்பு. பத்துப் பதினைந்து போட்டிகள் கண்டவர்கள் என்றால் வேறு மதிப்பு. அமெச்சூர் போட்டிகள் பெரும்பாலும் இத்தளங்களில் ஏறுவதில்லை என்பதால், பெயர் கிடைக்கவில்லை என்றவுடன் ஆள் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டுவதும் தவறு.

நன்றாகச் சண்டையிடுவது ஒரு திறன், அதைச் சொல்லிக்கொடுப்பது வேறொரு திறன். எட்டி ஃபட்ச் இதயத்தில் கண்டறியப்பட்ட குறையால் தொழில்முறை வீரராக ஆக முடியாமல் போனவர். 1975இல் மணிலாவில் முகம்மது அலியை எதிர்த்த ஜோ ஃபிரேசியரின் மூலையில் பயிற்சியாளராக நின்றவர் அவர்தான். 14ஆவது சுற்று முடிந்தபோது ஃபிரேசியரின் கண்கள் வீங்கிப் பார்வை மறைந்திருந்தது. அவர் தொடர்ந்து ஆடத் துடித்தும், 15ஆவது சுற்றுக்கு அனுப்ப மறுத்து ஆட்டத்தை நிறுத்தினார் ஃபட்ச். எஞ்சியிருந்தது ஒரே ஒரு சுற்று. அதுவும் உலகப் பட்டத்துக்கான போட்டி. தன் மாணவருக்காக அந்த நிலையில் ஆட்டத்தை நிறுத்தத் துணிகிறவரா என்பதைத்தான் நான் ஒரு பயிற்சியாளரிடம் முதலில் பார்ப்பேன். அதை எந்த அறிமுகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

நேரில் போனால் அந்தக் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் புதியவருக்குப் பேட் (குத்துகளை வாங்கக் கையில் மாட்டும் மெத்தை) பிடிப்பதைப் பாருங்கள். சிலர் சத்தம் பலமாகக் கேட்க வேண்டும் என்பதற்காகக் குத்து வரும் திசையில் பேடை வேகமாகக் கொண்டுபோய் மோதுவார்கள். குத்துபவருக்கும் பெருமையாக இருக்கும், கற்றது ஒன்றும் இருக்காது. நல்லவர் பேடைத் தாடை உயரத்தில் அசையாமல் வைத்திருப்பார். குத்திய கை கன்னத்துக்குத் திரும்பாமல் தொங்கினால், மறு பேடால் அந்தக் கன்னத்தை மெல்லத் தொட்டு நினைவூட்டுவார்.

பதில் 2 (ஜியு-ஜிட்சு பயில்பவர்):

அந்தப் பரம்பரையை வெறும் அலங்காரம் என்று எண்ண வேண்டாம். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் ஆசான்தான் நேரடியாகப் பட்டை தருகிறார். ஆகவே யாரிடமிருந்து பெற்றார் என்பதே அவருடைய சான்றிதழ். 1914இல் பிரேசிலுக்கு வந்த மிட்சுயோ மயேடாவிடமிருந்து கார்லோஸ் கிரேசி வழியாகவே பெரும்பாலான பரம்பரைகள் இறங்குகின்றன. ஆனால் பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பொது என்பதால், கடைசிக் கண்ணியை மட்டும் சரிபாருங்கள்: பட்டை தந்ததாகச் சொல்லப்படும் ஆசானுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். கேட்பதில் தவறே இல்லை. உண்மையாகப் பெற்றவர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காலக்கணக்கும் ஒரு நல்ல சோதனை. சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு சம்மேளனத்தின் (ஐ.பி.ஜே.ஜே.எஃப்.) விதிப்படி 19 வயதுக்கு முன் கருப்புப் பட்டை கிடையாது. அதற்கு முந்தைய பட்டைகளான நீலத்தில் குறைந்தது 2 ஆண்டுகள், ஊதாவில் ஒன்றரை, பழுப்பில் 1 ஆண்டு இருக்க வேண்டும். நடைமுறையில் பலருக்குப் பத்து ஆண்டுகள் வரை ஆகிவிடுகிறது. நான்கு ஆண்டுகளுக்குள் பெற்ற பி.ஜே. பென் போன்றவர்கள் உண்டு என்றாலும், அவர் அந்த ஆண்டே கருப்புப் பட்டைப் பிரிவில் உலகப் பட்டமும் வென்றவர். இரண்டே ஆண்டுகளில் பெற்றதாகச் சொல்பவர் அப்படி எதை வென்றார் என்று கேட்கலாம்.

போட்டி அனுபவம் இல்லாததைப் பெருங்குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஜான் டனஹர் தத்துவம் பயின்றவர். முழங்கால் காயத்தால் போட்டியாளராக விளங்காதவர். இருந்தும் ஜார்ஜ் செயின்ட் பியர், கோர்டன் ரயன் போன்ற முன்னணி வீரர்கள் அவரிடம் கற்றார்கள். அதே வேளையில், அவர் பயிற்றுவிப்பது சரியா தவறா என்பதை ஒவ்வொரு நாளும் சோதித்துக் காட்ட அவரிடம் போட்டியாளர்கள் நிறைந்த ஒரு கூடம் இருந்தது. தானும் போட்டியிடாமல், மாணவர்களையும் போட்டிக்கு அனுப்பாமல், பிற கூடத்தாரோடு பயிற்சி செய்யவும் தடை விதிப்பவரிடம் நான் சேர மாட்டேன்.

பதில் 3 (ஜூடோ பயில்பவர்):

இருவரும் நன்றாகச் சொன்னார்கள், ஆனால் கேட்டவர் புதியவர் என்பதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு முதலில் கற்பித்தவர் பதக்கங்கள் பல வென்றவர். இரண்டாம் வாரத்திலேயே என்னைவிட 20 கிலோ கூடுதலான ஒருவரோடு மோதவிட்டார். விழத் தெரியாமல் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. தீய எண்ணம் ஏதும் அவருக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஐந்து வயதிலிருந்து விழுந்து பழகியவருக்கு, விழத் தெரியாத உடல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

ஜப்பானில் 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பள்ளி ஜூடோவில் 100க்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தனர். பலர் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர்கள்; தலையில் பட்ட அடியே முதன்மைக் காரணம். கற்பித்தவர்களில் பலரிடம் கருப்புப் பட்டை இருந்திருக்கும். அந்நாட்டு ஜூடோ சம்மேளனம் 2013இல்தான் பயிற்சியாளர்களுக்குத் தனித் தகுதிமுறையைக் கொண்டுவந்தது. டான் என்பது தான் கற்றதற்கான சான்று. கற்பிக்கத் தெரியும் என்பதற்குத் தனிச் சான்று தேவை என்று ஜூடோ பிறந்த நாடே ஏற்றுக்கொண்டதாகத்தான் இதை நான் படிக்கிறேன். ஆகவே பயிற்சியாளர் உரிமம் உண்டா, முதலுதவிப் பயிற்சியை எப்போது புதுப்பித்தார், தலையில் அடிபட்டவரை எத்தனை நாள் கழித்து மோதல் பயிற்சிக்கு அனுமதிப்பார் என்று நால்வரிடமும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம்" என்ற தொனியில் பதில் வந்தால் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பதில் 4:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மகளுக்கு 14 வயது என்கிறீர்கள். சிறார்களோடு பணியாற்றுபவர்களின் பின்னணியைக் கூடம் சரிபார்த்துத்தான் வேலைக்கு எடுத்ததா, பெற்றோர் எந்த வகுப்பையும் முன்னறிவிப்பின்றி உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பட்டை, பதக்கம் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை இரண்டு வகுப்புகளை உட்கார்ந்து பார்த்தேன். குத்துச்சண்டைப் பயிற்சியாளர் பேடை அசையாமல்தான் பிடித்தார், கன்னத்தையும் தொட்டார். ஜூடோ வகுப்பில் புதிதாக வந்த ஒரு சிறுமிக்கு முதல் 25 நிமிடங்கள் விழுவதை மட்டுமே கற்பித்தார்கள். முகவாயை நெஞ்சோடு ஒட்டி இடுப்புப் பட்டையின் முடிச்சைப் பார்த்தபடி விழு, தலை தரையில் படாது என்று ஜூடோ பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னது வெளியே உட்கார்ந்திருந்த எனக்கே மனப்பாடமாகிவிட்டது. உரிமத்தின் நகலைக் கேட்டவுடன் காட்டினார். மல்யுத்த வீரர் முதலுதவிச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டு, அடுத்த மாதம் புதுப்பிப்பதாகச் சொன்னார். ஜியு-ஜிட்சு ஆசானின் ஆசானுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மகள் திங்கட்கிழமை ஜூடோவில் தொடங்குகிறாள். நான் எதில் சேர்வது என்பதை அந்தப் பதில் வந்த பிறகு முடிவு செய்யப்போகிறேன்.