டிராக்டர், அறுவடை வண்டி மெக்கானிக்குகளே, மனத்தை விட்டுப் போகாத ஒன்றை எழுதுங்கள்

கல்லல் பட்டறை:
புரட்டாசியில் புழுதி விதைப்புக்கு ஆட்கள் எப்படித் துடிப்பார்கள் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இழுவை இல்லை என்று ஒரு டிராக்டருக்குக் கூப்பிட்டார்கள். நான் போய் இறங்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுப் பையன், இன்ஜினுக்கு டீசலை அழுத்தத்தில் கொண்டுபோகும் நாசில் பைப்பைக் கட்டைவிரலால் தடவி, எங்கே கசிகிறது என்று தேடுகிறான். “கையை எடு தம்பி!” என்று நான் கத்துவதற்குள் விரலை உதறினான். ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. “ஒன்றுமில்லை அண்ணே, முள் குத்தின மாதிரிதான்” என்று சிரித்தான்.

நாசில் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கிறது. அது தோலைத் துளைத்து உள்ளே பரவும். அவன் அப்பாவோ, “மழை இறங்கிவிடும், முதலில் வண்டியைப் பார்” என்கிறார். ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் பையனைக் காரைக்குடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஊசி போட்டு அனுப்பப் பார்த்தார்கள். நான் விடவில்லை. மதுரையில் உள்ளங்கைவரை கீறிக் கழுவினார்கள். விரல் பிழைத்தது. ஆனால் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

தேவகோட்டை ரஸ்தா:
மேலே எழுதியவர் ரொம்பப் பயமுறுத்துகிறார். டீசல் பைப்பில் காற்று புகுந்து ஏர் பிடித்த வண்டியில் நாசில் நட்டைத் தளர்த்தி, டீசலை வழியவிட்டுத்தானே ஏர் எடுக்கிறோம்? கையெல்லாம் டீசல்தான். இப்படி எழுதினால் பட்டறைக்கு வருகிற பையன்களும் ஓடிவிடுவார்கள்.

நான் பார்த்தது வேறு. சருகணிப் பக்கம் கதிரடிக்கும் களம். தூசி தட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் முந்தானையை பி.டி.ஓ. ஷாப்ட், அதாவது டிராக்டருக்குப் பின்னால் சுழன்று கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டும் தண்டு, இழுத்துவிட்டது. பாய்ந்து இன்ஜினை நிறுத்தினேன். சேலை பாதிக்கு மேல் கயிறாக முறுக்கிக் கிடந்தது. அந்த அம்மா முதலில் கேட்டது, “அறுக்காமல் எடுக்க முடியுமா தம்பி? மகள் எடுத்துக் கொடுத்தது.”

புதுவயல்:
ரஸ்தா அண்ணே, இரண்டும் ஒன்றல்ல. நட்டைத் தளர்த்தினால் அழுத்தம் இறங்கி டீசல் வழிகிறது. மயிரிழை விரிசலில் வருவது ஊசி, கண்ணுக்கே தெரியாது. கசிவு தேட விரல் வேண்டாம். ஓர் அட்டைத் துண்டை எட்டப் பிடித்தால் அதில் ஈரம் படும். அதன்பின் இன்ஜினை நிறுத்திவிட்டு பைப்பையே மாற்றுங்கள், பற்றவைத்து ஒப்பேற்றாதீர்கள். யாருக்காவது பட்டுவிட்டால் பிதுக்கக் கூடாது, வலிக்காகக் காத்திருக்கவும் கூடாது. அறுவைச் சிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு அப்போதே போய், “அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கிறது” என்று அதே சொல்லில் சொல்லுங்கள்.

பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது. துணி மாட்டிய பிறகு கையை இழுக்க யாருக்கும் நேரம் கிடைக்காது. ஷாப்ட்டின் மூட்டான கிராஸுக்கு கிரீஸ் அடிக்கக் கழற்றும் கவரைத் திரும்ப மாட்டுகிறவர்கள் எத்தனை பேர்? கவர் இல்லாத ஷாப்ட் வந்தால், கவர் வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். அதனால் இரண்டு வாடிக்கைக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். போகட்டும். தூக்கி நிற்கும் ரொட்டவேட்டருக்கு (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) அடியிலும் முட்டுக்கட்டை வைக்காமல் படுக்காதீர்கள். அதைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக்கை நம்பக் கூடாது.

கல்லல் பட்டறை:
பயந்து ஓடுகிற பையன் ஓடட்டும் அண்ணே, விரலோடு ஓடுவான். அது இருக்கட்டும், அந்த அம்மாவுக்கு அடி எதுவும் படவில்லையே? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.