மறு: நிறுவனங்கள் கூடிச் செய்யும் ஆய்வுக்குத் தமிழ்ச்சொல் – ‘உடனாய்வு’, ‘ஆய்வுறவு’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அறிவியல் நகரங்களில் ஆய்வு நிறுவனங்கள் கூடிச் செயல்படுவதைக் குறிக்க ஒரு கலைச்சொல் வேண்டும் என்று தொடங்கிய இந்த இழையில் ஒத்துழைப்பு, கூட்டாண்மை, கூட்டாய்வு, கூடாய்வு என்று நான்கு சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. உதகைப் பக்கத்துப் பள்ளி மாணவர்களுக்காகக் காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் ஆற்றல்மிக்க துகள்கள்) ஆய்வைப் பற்றிச் சிறுநூல் ஒன்றை எழுதி வருகிறேன். இந்தச் சொல் முடிவாகாமல் அதன் ஓர் இயல் முழுவதும் அரைகுறையாக நிற்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

‘ஒத்துழைப்பு’ நல்ல சொல்தான். ஆனால் ‘பொதுமக்கள் ஒத்துழைப்பு தர வேண்டும்’ என்று அறிவிப்புகளில் வழங்கி வழங்கி, ஒருவர் கேட்க மற்றவர் தருவது என்ற பொருள் அதன்மேல் ஏறிவிட்டது. ‘கூட்டாண்மை’ வணிகப் பங்காளிகளுக்குரியதாகிவிட்டது. ‘கூட்டாய்வு’ என்றால் இரண்டு துறை அதிகாரிகள் சேர்ந்து ஓரிடத்தைப் பார்வையிட வந்ததாகவே செய்தித்தாள் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘கூடாய்வு’ வினைத்தொகையாக அமைந்த சொல், இலக்கணத்தில் குறையில்லை. ஆனாலும் கூடாநட்பு, கூடாவொழுக்கம் என்று குறளில் பழகிய காதுக்கு அது செய்யத் தகாத ஆய்வு என்றே ஒலிக்கும்.

இந்தக் குறைகளைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம். குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு விடை காண இரண்டு மூன்று நிறுவனங்கள் சேர்வது ஒன்று. கேள்விகள் மாறினாலும் ஆட்கள் மாறினாலும் நிறுவனங்களுக்கிடையே கருவியும் தரவும் ஆளும் போய்வருவதற்கு வழி திறந்தே இருப்பது மற்றொன்று.

முதலாவதற்கு உதகையிலேயே சான்று இருக்கிறது. ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இயங்கும் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட ஜப்பானிய நிறுவனங்களும் சேர்ந்து நடத்திவந்துள்ளன. காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது உண்டாகும் மியூவான் என்ற நுண்துகள்களைப் பதிவு செய்யும் அதன் உணரிகளின் பரப்பு 560 சதுர மீட்டர். 2014 டிசம்பர் 1 அன்று உதகைக்கு மேலே திரண்ட ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் என்று இந்த உணரிகளைக் கொண்டு கணக்கிட்டார்கள். 2019இல் அது வெளியானபோது கட்டுரையாளர் வரிசையில் இரு நாட்டவரும் இருந்தார்கள். இதற்கு ‘உடனாய்வு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘உடன்’ என்பதை ‘உடனடி’ என்று கொள்ளக்கூடும் என ஒரு நண்பர் முன்பே ஐயம் எழுப்பியிருந்தார். உடன்பிறப்பு, உடன்படிக்கை, உடன்பாடு ஆகிய சொற்களில் யாரும் அப்படி மயங்குவதில்லை. உடனாய்வாளர், உடனாய்வகம், உடனாய்வுத் திட்டம் என்று இது கிளைவிட்டு வளரவும் செய்யும்.

இரண்டாவதற்குச் சான்று ஜப்பானின் சுகுபா. டோக்கியோவுக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இந்த நகரை அமைக்க 1963இல் அந்நாட்டு அமைச்சரவை முடிவெடுத்தது. தலைநகரிலிருந்த அரசு ஆய்வு நிறுவனங்கள் பல அங்கே இடம்பெயர்ந்தன. 1973இல் பல்கலைக்கழகமும் வந்தது. ஆனால் நிறுவனங்கள் வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ் இருந்தன. பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் அவரவர் வளாகம் அவரவர்க்கு என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. நானோ தொழில்நுட்பத்துக்கென அங்குள்ள ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்து பொது ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது 2009இல்தான். அதாவது நகரம் முதலில் எழுந்தது, உறவு பின்னால் வந்தது. இப்படி நிலைத்து நிற்கும் தொடர்பைத்தான் ‘ஆய்வுறவு’ என்கிறேன். ஆய்வு + உறவு என்பது உகரம் கெட்டு ஆய்வுறவு ஆகும். முற்றியலுகரமும் சில இடங்களில் இப்படிக் கெடும் என்னும் நன்னூலின் ‘முற்றும் அற்று ஒரோவழி’ இதற்கு இடந்தருகிறது.

அண்மை வேறு, உறவு வேறு என்பதை இந்த நீலகிரி மலையில் இருப்பவர் எளிதில் உணர்வார். உதகைக்கு அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஒன்று வானத்தைப் பார்க்கிறது, மற்றது மண்ணைப் பார்க்கிறது. ஒரே ஊர் என்பதால் மட்டும் அவற்றிடையே ஆய்வுறவு உண்டாகிவிடாது. மறுபுறம், 1901 முதல் கொடைக்கானலிலிருந்து சூரியனைப் பார்த்துவரும் வானாய்வகம் பழனி மலையில் இருக்கிறது. சூரியனின் முகத்தில் எழும் கொந்தளிப்பை அது படம்பிடிக்கிறது; அங்கிருந்து கிளம்பும் சூரியக் காற்றை முத்தோரைத் தொலைநோக்கி தொலைதூர ரேடியோ மூலங்களின் மினுமினுப்பைக் கொண்டு அளக்கிறது; அது பூமியை எட்டும்போது மியூவான்களின் எண்ணிக்கை மாறுவதைக் கிரேப்ஸ்-3 பதிவு செய்கிறது. ஒரு சூரியப் புயலுக்காக இம்மூன்றின் தரவையும் சேர்த்து ஆராய்ந்தால் அது உடனாய்வு. ஒவ்வொரு புயலுக்கும் புதிதாகக் கடிதம் எழுதத் தேவையின்றித் தரவு வந்துசேர ஏற்பாடு இருக்குமானால் அது ஆய்வுறவு.

‘உறவு’ என்ற சொல்லில் உணர்ச்சி மிகுதி, அது கலைச்சொல்லுக்கு ஆகாது என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நீலகிரியில் கோத்தர்கள் இரும்புக் கருவியும் மட்பாண்டமும் தர, தொதவர்கள் நெய் தர, படகர்கள் தானியம் தர, குறும்பர்கள் தேனும் காட்டுப்பொருளும் தர, தலைமுறைகளாகக் குடும்பத்துக்குக் குடும்பம் நடந்த பரிமாற்றத்தை மானிடவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. எனவே உவமையை இதற்குமேல் நீட்ட மாட்டேன். ஆயினும் அவரவர் ஊரில் அவரவராகவே இருந்துகொண்டு தேவையை ஒருவரோடொருவர் பகிர்ந்த அந்தத் தொடர்புக்கு உறவு என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. உறவு பொறுப்பையும் குறிக்கும் சொல்.

‘அறிவியல் நகரம்’ என்பதைப் பற்றியும் ஒரு வரி. கொல்கத்தாவில் 1997இல் திறக்கப்பட்ட காட்சியகத்துக்கும் இதே பெயர்தான். சுகுபாவின் ஜப்பானியப் பெயரிலேயே ஆய்வும் கல்வியும் இருப்பதால், அத்தகைய ஊர்களை ‘ஆய்வு நகரம்’ என்று வேறுபடுத்தலாம். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

உடனாய்வு, ஆய்வுறவு இரண்டையும் என் நூலின் வரைவில் இட்டிருக்கிறேன். ‘நிறுவனங்களிடை ஆய்வுறவு’ என்ற தொடர் நாவில் தடுக்குகிறதா என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ‘நிறுவன ஆய்வுறவு’ என்று சுருக்கினால் ‘இடை’ என்ற பொருள் போய்விடுகிறது. அந்த ஓரிடத்தில்தான் எனக்கே நிறைவில்லை.

அன்புடன்,
குன்னூரிலிருந்து