ஆட்டோ, கால் டாக்ஸி மீது புகார்: எப்படிக் கொடுத்தால் நடவடிக்கை வரும்?

அடையாறுவாசி:
குடியிருப்பு நலச்சங்கத்துக்காக ஒரு பக்க அறிவிப்பு தயாரிக்கிறேன். சென்னையில் ஆப்பில் புக் செய்தால் வரும் தொல்லைகளில் இந்த மூன்றுதான் அதிகம்: "எவ்ளோ காட்டுது? மேல அம்பது போட்டுக் குடுங்க" என்பது, மறுத்தால் நம்மையே கேன்சல் செய்யச் சொல்வது, புக் ஆனது ஒரு வண்டி, வாசலில் நிற்பது வேறு வண்டி. யாரிடம், எந்தப் பிரிவில், எதை இணைத்துப் புகார் கொடுப்பது?

பர்மிட்பாண்டி:
"சவாரிக்கு வர மறுத்தார்" என்று மட்டும் எழுதாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 178(3)-இல் அதற்கு அபராதம் ஆட்டோவுக்கு 50 ரூபாய் வரை, காருக்கு 500 வரை. ஆட்டோக்காரருக்கு அது டீச்செலவு. உறைப்பது 86-ஆம் பிரிவு: பர்மிட் நிபந்தனையை மீறினால் பர்மிட்டையே நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். தலைப்பிலேயே "பர்மிட் நிபந்தனை மீறல், பிரிவு 86" என்று போட்டு ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புங்கள். எந்த ஆர்.டி.ஓ. என்பது நம்பர் பிளேட்டிலேயே இருக்கிறது: டிஎன் 07 திருவான்மியூர், டிஎன் 09 கே.கே.நகர்.

பெரும்பாலான புகார்கள் படுத்துவிடுவது ஆதாரம் இல்லாமல்தான். போனில் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. "ஆப் சாட்ல போடுங்கண்ணா" என்று சொல்லிப் பாருங்கள். எழுதினால் ஆதாரம், இல்லையென்றால் பலர் அந்தப் பேச்சையே விட்டுவிடுவார்கள். டிரைவர் படம், வண்டி எண், கட்டணம், நேரம் நான்கும் தெரியும்படி வண்டி வருவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ரத்தானதும் அந்தப் பக்கம் போய்விடும். நீங்களாக கேன்சலை அழுத்தினால் பதிவில் "பயணி ரத்து செய்தார்" என்றுதான் நிற்கும், வாதம் அங்கேயே முடிந்தது. ரத்துக் கட்டணம் பிடித்துவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்.

மஞ்சள்போர்டு:
வேறு வண்டி வந்தால் ஏறவே கூடாது, புகாரெல்லாம் பிறகு. வெள்ளை போர்டு கார் என்றால் இன்னும் மோசம். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸை வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார், விபத்து நடந்தால் கம்பெனி கைவிரிக்க வழி இருக்கிறது. மின்சார வண்டியில் குழம்பாதீர்கள்: பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி, வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி. எண்ணை அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் போட்டால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதி தெரியும்.

காரில் ஏறுமுன் பின்கதவின் விளிம்பைப் பாருங்கள். லாக்குக்குச் சற்றுக் கீழே விரல்நுனி அளவில் ஒரு நெம்பு இருக்கும். அது பூட்டு நிலையில் இருந்தால் உள்ளிருந்து கதவு திறக்காது. தள்ளி விட்டுவிட்டு உட்காருங்கள். சிவப்பு பேனிக் பட்டனை மட்டும் நம்பாதீர்கள்: எஃப்.சி.க்காக மாட்டிவிட்டு அதன் சிம் சந்தாவைப் புதுப்பிக்காத வண்டிகள் உண்டு. ஆட்டோவுக்கு அந்தப் பட்டன் கட்டாயமே கிடையாது. ஆபத்து என்றால் போனில் 112-ஐ அழையுங்கள்.

மீட்டர்மணி:
பாண்டி சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். தெருவில் கை காட்டி ஏறும் ஆட்டோவுக்கு 2013 ஆகஸ்டில் அரசு போட்ட கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. இரவு 11 முதல் காலை 5 வரை பாதி கூடுதல். அந்தக் கணக்கில் பகலில் 6 கி.மீ.க்கு 75 ரூபாய் 40 காசு. பத்து வருஷத்துக்கு மேல் அதைத் தொடவில்லை, கேஸ் விலை அப்படியா இருந்தது? அதனால் கட்டணப் புகாரை அதிகாரிகளே டிரைவரை எச்சரித்து விட்டுவிடுகிறார்கள். வண்டி மாறியது, ஆப்பில் இருக்கும் ஆள் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர் என்பதையெல்லாம் முதல் பத்தியில் வையுங்கள், கூடுதல் பணத்தைக் கடைசியில். டிரைவர் தன் ஆப் கணக்கை (ஐ.டி.) இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அப்படி வாங்கி ஓட்டும் ஆளுக்கு போலீஸ் சரிபார்ப்பு நடந்திருக்காது.

இன்னொன்று. டிரைவரிடம் கமிஷனுக்குப் பதில் தினசரி சந்தா வாங்கும் ஆப்களில், பணம் நேராக டிரைவர் கைக்குப் போகிறது. கூடுதலாகக் கொடுத்ததை ஆப்பிடம் கேட்டால் "நாங்கள் வசூலிக்கவில்லை" என்பார்கள்.

அடையாறுவாசி:
தெரு ஆட்டோவில் ஸ்கிரீன்ஷாட் ஏது?

பர்மிட்பாண்டி:
இறங்கியதும் பின்பக்க நம்பரை ஒரு படம், ஏறும்போது மீட்டரை ஒரு படம். மீட்டர் ஓடாமல் இருப்பதும் அதில் விழும். மணி சொன்ன வரிசை சரிதான், அப்படியே போடுங்கள்.