எஸ்க்யூஎல் சர்வர் லாக் பேக்கப்: உங்கள் இடத்தில் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. ஒரு மருத்துவ ஆய்வகத்தின் எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) இப்போது என் பொறுப்பில் வந்திருக்கிறது. ஃபுல் ரிகவரி மாடல், அதாவது டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களின் பதிவு (லாக்) பேக்கப் ஆகும் வரை அப்படியே இருக்கும். ஆனால் இதுவரை இரவில் ஃபுல் பேக்கப் (முழு டேட்டாபேஸின் நகல்) மட்டுமே ஓடியிருக்கிறது. அதனால் லாக் காலியாகாது, லாக் பேக்கப் எடுத்தால்தான் உள்ளே இடம் விடுபடும். விளைவு, 40 ஜிபி டேட்டாவுக்கு 210 ஜிபி எல்டிஎஃப் (லாக்) கோப்பு.

சரி, 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப், ஞாயிறு ஃபுல், மற்ற நாட்களில் டிஃபரென்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பிறகு மாறியவை மட்டும்) என்று மாற்றிவிட்டேன். இப்போது வேறு சிக்கல். விர்ச்சுவல் மெஷினை பேக்கப் எடுக்கும் மென்பொருளும் நள்ளிரவில் தனியாக ஒரு ஃபுல் எடுக்கிறது. பேக்கப் வரலாறு பதிவாகும் பேக்கப்செட் அட்டவணையில் பார்த்தால் காப்பி ஒன்லி 0 என்று இருக்கிறது, அதாவது டிஃபரென்ஷியலைப் பாதிக்காத தனி நகலாக இல்லாமல் வழக்கமான ஃபுல்லாகவே எடுக்கிறது. அப்படியானால் என் டிஃபரென்ஷியல் எல்லாம் அந்த ஃபுல்லைத்தான் நம்பி நிற்கும், ஞாயிறு எடுத்ததை அல்ல. லாக் சங்கிலி (லாக் பேக்கப்களின் தொடர்ச்சி) அறுபடாது என்பது மட்டும் ஆறுதல்.

அந்த மென்பொருளைக் காப்பி ஒன்லிக்கு மாற்றச் சொல்வதா, டிஃபரென்ஷியலையே விட்டுவிடுவதா? அப்புறம், லாக் பேக்கப்களை எத்தனை வாரம் வைத்திருக்கிறீர்கள்? நோயாளிகளின் பரிசோதனை முடிவுகள் இதில் இருப்பதால், ரெஸ்டோர் செய்து பார்த்தவர்களின் பதில் எனக்கு மிகவும் உதவும்.