வரிச்சீர் ஓட்டம் ‘குலைகிறதா’, ‘திரிகிறதா’?

நண்பர்களுக்கு வணக்கம்.

நீர் வரிவரியாகச் சீராகப் போகும் வரிச்சீர் ஓட்டம் (laminar flow) கலங்கிக் கொந்தளிப்பாக (turbulence) மாறுவதற்கு, அதாவது ஆங்கிலத்தில் transition என்பதற்கு, தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று பேசிவரும் இந்த இழையில் ‘நிலைகுலைவு’ என்ற சொல்லையே முடிவு செய்துவிடலாம் என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. சொல்லின் ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, பொருள்தான் இடிக்கிறது.

குழாயை எடுத்துக்கொள்வோம். 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் சாயத்தை ஒரு இழையாக விட்டார். மெதுவாக ஓடும்வரை இழை நூல் பிடித்தாற்போல் போனது, வேகத்தைக் கூட்டியதும் ஓரிடத்தில் கலைந்து குழாய் முழுக்கப் பரவியது. வேகம், விட்டம், பாகுநிலை மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் ‘ரெனால்ட்ஸ் எண்’ 2000-ஐ ஒட்டி வரும்போது இது நடக்கும் என்று பாடப்புத்தகம் முடித்துவிடும். ஆனால் தொட்டித் தண்ணீரை அசையாமல் வைத்து, குழாய் வாயையும் வழவழப்பாக்கியபோது அதே எண் 12,000-ஐத் தொட்டும் அவருக்கு இழை கலையவில்லை. பிற்காலத்தில் ஒரு லட்சம் வரைகூடக் கொண்டுபோயிருக்கிறார்கள். கணக்குப் போட்டாலும் அப்படித்தான்: வட்டக் குழாய் ஓட்டம் மிகச் சிறிய அசைவுகளை எந்த எண்ணிலும் தாங்கிக்கொள்கிறது. நிலை தானாகக் குலைவதே இல்லை, வெளியிலிருந்து ஓரளவு பெரிய தட்டு ஒன்று விழ வேண்டும். இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே ஓடும் நீருக்கு, மிகச் சிறிய அசைவும் தானாக வளரத் தொடங்கும் நிலையின்மை (instability) எல்லை உண்டு, 1971-இல் ஓர்சாக் என்ற ஆய்வாளர் கணக்கிட்ட ரெனால்ட்ஸ் எண் 5772. சோதனையில் அதற்கு வெகு முன்பே ஓட்டம் மாறிவிடுகிறது. ஆக ‘நிலையின்மை’ ஒரு வழி, மாறுவது வேறு நிகழ்ச்சி. இரண்டுக்கும் ஒரே வேரிலிருந்து சொல் கொடுத்தால் மாணவர் குழம்புவார்.

நான் முன்வைப்பது ‘திரிவு’. வினையாக, ஓட்டம் திரிகிறது.

கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவனுக்குப் பால் நினைவு வருவது இயல்புதானே. பால் திரியும்போது பாத்திரம் முழுக்க ஒரே நொடியில் திரியாது, திட்டுத் திட்டாகத் திரியும். ஒரு சொட்டுப் புளிப்பு பட்டால் சீக்கிரம் திரியும், படாமல் சுத்தமாக வைத்தால் வெகுநேரம் தாங்கும். ஓட்டமும் அப்படியே. ரெனால்ட்ஸே குழாயில் கலங்கல் விட்டுவிட்டு வந்து போவதைக் கண்டார். 1951-இல் எம்மன்ஸ் என்ற ஆய்வாளர் மெல்லிய நீர்ப்படலத்தில் கலங்கல் தனித்தனித் திட்டாகப் பிறந்து, நீரோடு போகப்போகப் பெரிதாவதைக் கண்டார். 1958-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சதீஷ் தவனும் ரொத்தம் நரசிம்மாவும் ஓரிடத்தில் ஓட்டம் எவ்வளவு நேரம் கலங்கியிருக்கிறது என்ற பங்கை வைத்தே மாற்றத்தை விவரித்தார்கள். அந்தப் பங்குக்கு ‘திரிவுப் பங்கு’ என்று சொல் தானாகவே கிடைக்கிறது பாருங்கள்.

‘திரிபு’ என்றே வைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. இயற்பியலில் தகைவு, திரிபு (stress, strain) என்று அது ஏற்கெனவே போய்விட்டது, பாய்ம இயக்கவியலில் (fluid dynamics) அந்தத் திரிபும் அடிக்கடி வரும். திரிந்த பால் மீளாதே, கெட்டுப்போனது என்ற பொருள் ஒட்டாதா என்ற கேள்வி நியாயமானது, இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் தமிழுக்குத் திரிதல் பாலோடு நின்றுவிடவில்லை. புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றையும் தனித்தனியாக வைத்திருக்கிறோம், ‘மண்+குடம்’ மட்குடம் ஆனால் ணகரம் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. திரிதல் வேறு, கெடுதல் வேறு என்று இலக்கணமே பிரித்துக் கொடுத்திருக்கிறது.

‘கொந்தளிப்பு’ புத்தகங்களில் ஊன்றிவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வாய்க்காலில் அரை மீட்டர் ஆழத்துத் தண்ணீர் நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் இலை ஒன்றைச் சுமந்து அமைதியாகப் போகும். ஆழத்தை வைத்துக் கணக்கிட்டால் அதன் ரெனால்ட்ஸ் எண் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். கண்ணுக்கு எவ்வளவு சாந்தமாகத் தெரிந்தாலும் அது திரிந்த ஓட்டம்தான். ஆடியில் நுங்கும் நுரையுமாக வரும் புதுத் தண்ணீரைக் காட்டி இதுதான் கொந்தளிப்பு என்று பாடம் நடத்தினால் பாதிதான் உண்மை. டெல்டாவில் வரிச்சீர் ஓட்டத்தைக் காட்ட வேண்டுமென்றால் கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் காட்டலாம், மணலுக்குள் ஊறி வரும் நீர்தான் அப்படி ஓடுகிறது.

அப்புறம் ‘திட்டு’. குழாய்க்குள் நகரும் கலங்கல் துண்டுக்கு இதையே வைக்கலாம். ஆற்றுத் திட்டு கரையும், இரண்டாகப் பிரியும்; குழாய்த் திட்டும் அதைத்தான் செய்கிறது. 2011-இல் வந்த ஆய்வின்படி ரெனால்ட்ஸ் எண் ஏறக்குறைய 2040-க்குக் கீழே இருந்தால் கரைவது முந்துகிறது, மேலே போனால் பிரிந்து பெருகுவது முந்துகிறது.

இந்தச் சொற்களை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: ‘குழாயில் வரிச்சீர் ஓட்டம் நிலையின்மை இல்லாமலே திரியும்; முதலில் திட்டுகள் தோன்றும், எண் சிறியதானால் அவை கரைந்து ஓட்டம் சீர்மீளும்.’ ‘நிலைகுலைவு’ வேண்டும் என்பவர்கள் இதே வாக்கியத்தை அந்தச் சொல்லை வைத்து எழுதி அனுப்புங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.