லேப்டாப் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' திரையிலேயே சுற்றுகிறது: ஃபைல்கள் போகாமல் மீட்க என்ன வழி?

கேள்வி

விண்டோஸ் 11 ஹோம், 512 ஜிபி எஸ்எஸ்டி. அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து அணைந்துவிட்டது. இப்போது ஆன் செய்தால் கம்பெனி லோகோ வருகிறது. 'பிரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று காட்டிவிட்டு நீலத் திரையில் நின்றுவிடுகிறது. ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொடுத்தும் பயனில்லை. கடையின் டேலி கணக்கு சி டிரைவில் இருக்கிறது. குழந்தைகளின் படங்கள் சி, டி இரண்டிலும். ஃபார்மேட் போட்டால்தான் ஆகும் என்று சர்வீஸ் கடையில் சொல்கிறார்கள். ஃபைல்களைக் காப்பாற்ற வழி உண்டா அண்ணா?

பதில் 1

உண்டு தம்பி. ஃபார்மேட் போடக் கொடுத்துவிடாதீர்கள். லோகோ வருகிறது, நீலத் திரை வருகிறது என்றால் போர்டு, ரேம், டிஸ்ப்ளே எல்லாம் பெரும்பாலும் வேலை செய்கின்றன. கோளாறு விண்டோஸில் இருக்கலாம், அல்லது எஸ்எஸ்டியில். எதுவாக இருந்தாலும் முதலில் ஃபைலை வெளியே எடுக்க வேண்டும். ரிப்பேர் அதற்குப் பிறகுதான். அதுவரை அந்த டிஸ்க்கில் எதையும் எழுத விடாதீர்கள். 'ரீசெட் திஸ் பிசி' வேண்டாம். செக்டிஸ்க்கும் (டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கட்டளை) இப்போது வேண்டாம். பழுதான டிஸ்க்கில் அது மூலை முடுக்கெல்லாம் படித்து மேலும் சிரமப்படுத்தும். 'சரிசெய்கிறேன்' என்று ஃபைல்களைப் பெயரில்லாத துண்டுகளாக்கி வேறு ஃபோல்டரில் கொட்டியும் விடும்.

சார்ஜரைச் செருகியே வையுங்கள். ஆன் செய்தவுடன் எஃப்2 தட்டி (ஹெச்பி என்றால் எஃப்10) பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் லேப்டாப் செட்டிங் திரை) போய், எஸ்எஸ்டி பெயர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். எதையும் மாற்றாமல், சேவ் செய்யாமல் வெளியே வாருங்கள்.

பெயர் தெரிந்தால், நீலத் திரையில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று போங்கள். கருப்பு ஜன்னலில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன். கீழே ஃபைல் வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் டெக்ஸ்ட் ஃபைல் மட்டும்தான் தெரியும். அந்தச் சின்னப் பெட்டியே உங்களுக்கு எக்ஸ்ப்ளோரர் மாதிரி. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, யுஎஸ்பி டிஸ்க்கில் பேஸ்ட்.

இந்தச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். சி என்று காட்டுவது உங்கள் சி ஆக இல்லாமலும் இருக்கலாம். 'யூசர்ஸ்' ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான். பேஸ்ட் ஆகும்போது எத்தனை சதவீதம் என்று எதுவும் காட்டாது, உறைந்தது போல நிற்கும். அவசரப்பட்டு மூடாதீர்கள். ஒவ்வொரு ஃபோல்டராக எடுங்கள். யுஎஸ்பி டிஸ்க் ஃபேட்32 வகையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் விண்டோஸ் 11 ஆயிற்றே, பிட்லாக்கர் பூட்டு (டிஸ்க்கில் உள்ளதை கீ இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் விண்டோஸ் வசதி) இருக்க வாய்ப்பு அதிகம். ஹோம் எடிஷனிலும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் தானாகவே ஆன் ஆகியிருக்கும். கமாண்ட் பிராம்ப்ட் கொடுத்ததும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் பதற வேண்டாம். போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைஸ் பட்டியலில் பிட்லாக்கர் கீ என்ற பகுதியைப் பாருங்கள். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளும் அங்கே உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். லேப்டாப்பை வாங்கியபோது வேறு யாராவது செட்டப் செய்து கொடுத்திருந்தால், கீ அவர் கணக்கில் இருக்கலாம்.

கீ கையில் வரும்வரை பயாஸில் டிபிஎம்மை (பிட்லாக்கர் திறவுகோலைக் காக்கும் சிப்) 'கிளியர்' செய்யக் கூடாது. 'செக்யூர் பூட்' (Secure Boot) செட்டிங்கைத் தொடக் கூடாது, பயாஸ் அப்டேட்டும் கூடாது. கீ இல்லாமல் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் போட்டாலும் திறக்காது, டேட்டா ரெக்கவரி லேபில் கொடுத்தாலும் திறக்காது. கீ இருந்தால் போர்டே போனாலும் கவலையில்லை.

கேட்டவர்

பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறது. கீ கேட்டது, கணக்கில் கிடைத்தது. டி டிரைவ் முழுக்க எடுத்துவிட்டேன், வேகமாகவே போனது. டெஸ்க்டாப்பும் 'பிக்சர்ஸ்' ஃபோல்டரும்தான் பாதியில் நின்று எரர் தருகின்றன. எஸ்எஸ்டி போய்விட்டதா?

பதில் 3

டி வேகமாகப் போயிருக்கிறது, அந்த இரண்டு ஃபோல்டர் மட்டும் தகராறு செய்கிறது என்றால் எஸ்எஸ்டியைச் சந்தேகிக்கும் முன் ஒன்டிரைவை (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) பாருங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவ் தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொள்ளும். அதில் பல ஃபைல்களுக்குப் பெயரும் அளவும் மட்டும்தான் லேப்டாப்பில் இருக்கும், உள்ளடக்கம் மேகத்தில். ஆஃப்லைனில் காப்பி செய்தால் எரர் வரத்தான் செய்யும். போனிலோ வேறு கணினியிலோ பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்தால் அந்தப் படங்கள் அங்கே இருக்கும்.

எஸ்எஸ்டியையும் உறுதி செய்துகொள்ள, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் வேறு கணினி மூலம் ரூஃபஸ் என்ற செயலி கொண்டு உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) ஏற்றுங்கள். அந்தப் பென் டிரைவ் அழிந்துவிடும், காலியானதாகப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஏற, ஆன் செய்யும்போது டெல், லெனோவா, ஏசர் என்றால் எஃப்12, ஹெச்பி எஃப்9, ஆசுஸ் எஸ்கேப். 'செக்யூர் பூட்' செட்டிங்கை அணைக்கத் தேவையில்லை, உபுண்டு அதோடே ஏறும். 'ட்ரை உபுண்டு' மட்டும் கொடுங்கள். 'இன்ஸ்டால்' பக்கம் போகவே வேண்டாம். 'டிஸ்க்ஸ்' செயலியில் எஸ்எஸ்டியின் 'ஸ்மார்ட்' தகவல் (டிஸ்க்கின் ஆரோக்கிய விவரம்) தெரியலாம். ஃபைல்ஸில் சி பார்ட்டிஷனைத் தட்டினால் கீ கேட்கும். 48 இலக்கத்தையும் நடுவில் வரும் கோடுகளோடு அப்படியே அடிக்க வேண்டும். 'ரீட் ஒன்லி' என்று திறந்தால் நல்லதுதான், எடுக்க அது போதும். திறக்க மறுத்தால் என்டிஎஃப்எஸ் சரிசெய்யும் கட்டளை எதையும் ஓட்டாமல் நோட்பேட் வழிக்கே திரும்புங்கள்.

டேலியை மறக்காதீர்கள். டேட்டா ஃபோல்டர் பெரும்பாலும் 'யூசர்ஸ்' உள்ளே 'பப்ளிக்' ஃபோல்டரில், அல்லது டேலி இன்ஸ்டால் ஆன இடத்தில் 'டேட்டா' என்ற பெயரில் இருக்கும். உள்ளே கம்பெனிகள் எண் பெயரிலான ஃபோல்டர்களாக இருக்கும். ஒன்றிரண்டு ஃபைலை மட்டும் பொறுக்காமல் அந்த 'டேட்டா' ஃபோல்டரையே எடுங்கள்.

பதில் 4

இதே பிரச்சினையோடு வருகிறவர்களுக்கு: பழைய ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். உடனே அணைத்துவிட்டு ரெக்கவரி லேபுக்குக் கொண்டு போங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளே தட்டு கீறிக்கொண்டிருக்கலாம். சத்தமில்லை, காப்பி மட்டும் நத்தை வேகம் என்றால், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் கருவி) கொண்டு அதைவிடப் பெரிய டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்கள். அது முதலில் எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை அள்ளிவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு வரும். அதற்குப் பின் வேலையெல்லாம் நகலில்தான்.

கேட்டவர்

படங்கள் ஒன்டிரைவில் இருக்கின்றன! டேலி டேட்டாவும் எடுத்தாயிற்று. இனி ரீசெட் கொடுக்கலாமா? டி டிரைவ் அழியுமா?

பதில் 1

முதலில் அந்த யுஎஸ்பி டிஸ்க்கை வேறு கணினியில் போட்டு, டேலி கம்பெனி திறக்கிறதா, படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். பிறகும் நேரே ரீசெட்டுக்குப் போக வேண்டாம். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது. அதில் கடைசி குவாலிட்டி அப்டேட்டை நீக்குங்கள். அப்டேட் நடுவில் அணைந்த லேப்டாப்புக்கு முதலில் பார்க்க வேண்டிய வழி அதுதான். சரிவரவில்லை என்றால் சிஸ்டம் ரீஸ்டோர் (விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்புவது).

இரண்டும் கைவிட்டால்தான் ரீசெட், அதுவும் 'கீப் மை ஃபைல்ஸ்'. அது டி பக்கம் போகாது. சியில் யூசர் ஃபைல்கள் நிற்கும், ஆனால் நீங்கள் ஏற்றிய புரோகிராம்கள் எல்லாம் போய்விடும். டேலியை மறுபடி இன்ஸ்டால் செய்து லைசன்ஸை ஆக்டிவேட் செய்ய வேண்டும். 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்தால் விண்டோஸ் உள்ள டிரைவ் மட்டுமா, எல்லா டிரைவுமா என்று ஒரு கேள்வி வரும். அங்கே 'ஆல் டிரைவ்ஸ்' என்று தட்டினால்தான் டி அழியும்.